மோதிய வண்டிக்கு இன்சூரன்ஸ் இல்லையா? நஷ்டஈடு யார் தருவது? நிலக்கோட்டை மக்கள் தெரிந்துகொள்ள வேண்டிய கணக்கு

நிலக்கோட்டை:-

விடியும் முன்பே நிலக்கோட்டை பூ மார்க்கெட்டுக்கு வண்டிகள் வரிசை கட்டத் தொடங்கி விடும். மல்லிகை மூட்டையோடு மொபட், சரக்கு ஆட்டோ, மினி லாரி என்று சுற்று வட்டார கிராமங்களில் இருந்து விவசாயிகள் வந்து சேருவார்கள். அதே நேரத்தில் சிப்காட் வேலைக்கு போகிறவர்கள், கட்டிட வேலைக்கு போகிறவர்கள், வத்தலக்குண்டு, செம்பட்டி, கொடைரோடு பஸ் பிடிக்க ஓடுகிறவர்கள் என்று எல்லோரும் ஒரே ரோட்டில்தான்.

இந்த ரோட்டில் ஒரு விபத்து நடந்தால் முதலில் கேட்கிற கேள்வி, "உயிர் இருக்கா?" என்பது. அடுத்த கேள்வி, "வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கா?" என்பது.

இரண்டாவது கேள்விக்கு "இல்லை" என்று பதில் வந்தால், அடிபட்ட குடும்பத்தின் கதி என்ன? மோதிய வண்டிக்கு இன்சூரன்ஸ் இருந்தும் "உங்களுக்கு அது செல்லாது" என்று கம்பெனி கையை விரித்தால் என்ன செய்வது? இதுபற்றிய விவரம் வருமாறு:-

பாதி வண்டிகளுக்கு பாலிசி இல்லை

1988-ம் ஆண்டு மோட்டார் வாகன சட்டத்தின் 146-வது பிரிவுப்படி, இன்சூரன்ஸ் இல்லாமல் எந்த வண்டியையும் பொது ரோட்டில் ஓட்டக்கூடாது. சொந்த வண்டியின் சேதத்துக்கு பாலிசி எடுப்பது அவரவர் விருப்பம். ஆனால் நம் வண்டியால் அடுத்தவருக்கு ஏற்படும் பாதிப்புக்கான பாலிசி கட்டாயம். இதைத்தான் "தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ்" என்கிறார்கள்.

மீறினால் முதல் முறை ரூ.2 ஆயிரம் அபராதம் அல்லது 3 மாதம் வரை ஜெயில், இல்லாவிட்டால் இரண்டுமே. மறுமுறை சிக்கினால் அபராதம் ரூ.4 ஆயிரம்.

சட்டம் இவ்வளவு கறாராக இருந்தும், நாட்டில் ஓடும் வண்டிகளில் பாதிக்கும் மேல் இன்சூரன்ஸ் இல்லாமல்தான் ஓடுகின்றன. அதிலும் மோட்டார் சைக்கிள், மொபட்தான் அதிகம். புது வண்டி வாங்கும்போது ஷோரூமில் கட்டியதோடு சரி. அது முடிந்த பிறகு "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விட்டு விடுகிறார்கள்.

2022-ம் ஆண்டில் மட்டும் தமிழ்நாட்டில் 64 ஆயிரத்து 105 விபத்துகள் நடந்தன. 17 ஆயிரத்து 884 பேர் பலியானார்கள். எண்ணிக்கையில் அந்த ஆண்டு நாட்டிலேயே அதிக விபத்து நடந்த மாநிலம் நம்முடையதுதான். இவ்வளவு விபத்து, இவ்வளவு பாலிசி இல்லாத வண்டிகள் என்ற இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் விஷயத்தின் கனம் புரியும்.

ரூ.32 லட்சமா? ரூ.2 லட்சமா?

ஒரு உதாரணக் கணக்கு போட்டு பார்க்கலாம்.

30 வயது கொத்தனார் ஒருவர். மாத வருமானம் ரூ.15 ஆயிரம். மனைவி, 2 குழந்தைகள், தாயார் என்று 4 பேர் அவரை நம்பி இருக்கிறார்கள். வேலைக்கு போகும்போது எதிரே வந்த வண்டி மோதி அவர் இறந்து போகிறார் என்று வைத்துக்கொள்வோம். தவறு முழுவதும் எதிர் வண்டி மீதுதான்.

இந்த வழக்கில் நஷ்டஈடு எப்படி கணக்கிட வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு 2009 மற்றும் 2017-ம் ஆண்டு தீர்ப்புகளில் வழி காட்டி இருக்கிறது. 40 வயதுக்கு உட்பட்ட சுயதொழில் செய்பவருக்கு வருங்கால வருமான உயர்வாக 40 சதவீதம் சேர்க்க வேண்டும். அப்படி சேர்த்தால் ரூ.15 ஆயிரம், ரூ.21 ஆயிரம் ஆகிறது. அவருடைய சொந்த செலவு என்று நாலில் ஒரு பங்கு கழிக்க வேண்டும். மீதி ரூ.15 ஆயிரத்து 750. ஆண்டுக்கு ரூ.1 லட்சத்து 89 ஆயிரம். 30 வயதுக்கு உரிய பெருக்கல் எண் 17. பெருக்கினால் ரூ.32 லட்சத்து 13 ஆயிரம் வருகிறது. ஈமச்சடங்கு செலவு, குடும்பத்தின் இழப்பு போன்றவற்றுக்கு தனியாக கொஞ்சம் சேரும்.

இப்போது பாருங்கள்:-

மோதிய வண்டிக்கு இன்சூரன்ஸ் இருந்தால் இந்த ரூ.32 லட்சத்தையும் கம்பெனி கட்டும். உயிரிழப்பு, காயம் ஆகியவற்றுக்கு தேர்டு பார்ட்டி பாலிசியில் உச்சவரம்பு கிடையாது. கோர்ட்டு எவ்வளவு சொல்கிறதோ அவ்வளவு.

மோதிய வண்டிக்கு இன்சூரன்ஸ் இல்லை என்றால் அதே ரூ.32 லட்சத்தை வண்டியின் சொந்தக்காரர் கட்ட வேண்டும். அவரும் ஒரு கூலித் தொழிலாளியாக இருந்தால்? தீர்ப்பு காகிதத்தில் இருக்கும், பணம் கைக்கு வராது.

மோதி விட்டு நிற்காமல் போய், வண்டி எது என்றே தெரியவில்லை என்றால் அரசு திட்டத்தில் கிடைப்பது ரூ.2 லட்சம்.

சாவு ஒன்றுதான். தகப்பன் இல்லாத வீடும் ஒன்றுதான். ஆனால் மோதியது எந்த வண்டி என்பதைப் பொறுத்து, அந்த குழந்தைகளின் படிப்பும் சாப்பாடும் மாறி விடுகிறது.

இன்சூரன்ஸ் இல்லாத வண்டி மோதினால்...

"பாலிசி இல்லை, அதனால ஒண்ணும் கிடைக்காது" என்று சிலர் வழக்கே போடாமல் விட்டு விடுகிறார்கள். விபத்து நடந்த அன்றே ஆஸ்பத்திரி வாசலில் பெரிய மனிதர்கள் கூடி, ரூ.20 ஆயிரம், ரூ.30 ஆயிரம் என்று பேசி முடிப்பதும் நடக்கிறது. இது தவறு.

2022 ஏப்ரல் 1-ந்தேதி அமலுக்கு வந்த மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, விபத்தில் சிக்கிய வண்டிக்கு தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் இல்லை என்றால் அந்த வண்டியை சும்மா விடுவிக்கக் கூடாது. நஷ்டஈட்டுக்கு போதுமான ஜாமீன் தொகை அல்லது சொத்து உத்தரவாதத்தை சொந்தக்காரர் கொடுத்தால்தான் வண்டி வெளியே வரும். கொடுக்கவில்லை என்றால் 3 மாதம் கழித்து மாஜிஸ்திரேட்டு மூலம் வண்டி ஏலம் விடப்பட்டு, பணம் விபத்து நஷ்டஈடு கோர்ட்டில் கட்டப்படும். 2018-ம் ஆண்டே இதை எல்லா மாநிலங்களும் செய்ய வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டு இருந்தது.

லாரியாக, காராக இருந்தால் ஏலத்தில் ஓரளவு பணம் வரும். பழைய மோட்டார் சைக்கிள் என்றால் சில ஆயிரங்கள்தான். இருந்தாலும் போலீஸ் நிலையத்தில் இருந்து வண்டி போய் விட்டால் பிடிமானமே போய் விடும். எனவே பாதிக்கப்பட்ட குடும்பத்தினர், "வண்டிக்கு பாலிசி இல்லை, விதிப்படி விடுவிக்கக் கூடாது" என்று எழுத்து மூலமாக போலீசாரிடமும் மாஜிஸ்திரேட்டு கோர்ட்டிலும் சொல்லி வைப்பது முக்கியம்.

தீர்ப்பு வந்த பிறகும் சொந்தக்காரர் பணம் கட்டவில்லை என்றால் இன்னொரு வழி இருக்கிறது. மோட்டார் வாகன சட்டம் 174-வது பிரிவின்படி கோர்ட்டு ஒரு சான்றிதழ் அனுப்பினால், நில வரி பாக்கியை வசூலிப்பது போல கலெக்டர் அந்தப் பணத்தை வசூலித்துத் தர வேண்டும். வீடு, நிலம் எதுவும் ஜப்திக்கு வரலாம். ஒரு ஆண்டு பாலிசி பணத்தை மிச்சம் பிடித்தவர் தோட்டத்தையே இழக்கும் நிலை வருவது இப்படித்தான்.

வண்டியை விற்றவரும் மாட்டுவார்

இங்கே இன்னொரு ஆபத்து. பழைய மோட்டார் சைக்கிளை ரூ.15 ஆயிரத்துக்கு கொடுத்து விட்டு, ஆர்.சி. புத்தகத்தில் பெயர் மாற்றாமல் விடுவது நம் பக்கத்தில் சர்வ சாதாரணம். வாங்கியவர் இன்னொருவருக்கு விற்பார். அவர் வேறு ஒருவருக்கு கொடுப்பார். பாலிசி என்றோ முடிந்திருக்கும்.

2018-ம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டு இதே போன்ற ஒரு வழக்கில், ஆர்.டி.ஓ. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சொந்தக்காரர் என்று தெளிவாக சொல்லி விட்டது. வண்டி பல கை மாறி இருந்தாலும் நஷ்டஈடு கட்ட வேண்டியவர் அவரே. வண்டியை கண்ணால் பார்த்தே பல வருடம் ஆன ஆளுக்கும் கோர்ட்டு நோட்டீஸ் வரும்.

இடித்து விட்டு ஓடினால்...

வண்டி அடையாளம் தெரியாத விபத்துகளுக்கு மத்திய அரசின் நஷ்டஈடு திட்டம் உள்ளது. முன்பு சாவுக்கு ரூ.25 ஆயிரம், பலத்த காயத்துக்கு ரூ.12 ஆயிரத்து 500 என்று இருந்தது. 2022 ஏப்ரல் 1-ந்தேதி முதல் சாவுக்கு ரூ.2 லட்சம், பலத்த காயத்துக்கு ரூ.50 ஆயிரம் என உயர்த்தப்பட்டது.

இதற்கு வழக்கு போட வேண்டியது இல்லை. கோட்டாட்சியர் அல்லது தாசில்தார் நிலையில் உள்ள விசாரணை அதிகாரியிடம் மனு கொடுக்க வேண்டும். அவர் விசாரித்து கலெக்டருக்கு அறிக்கை அனுப்புவார். கலெக்டர் உத்தரவிட்டதும் பணம் வங்கிக் கணக்குக்கு வரும்.

ஆனால் இந்த திட்டம் இருப்பதே பலருக்கு தெரியவில்லை. 2022-ல் நாடு முழுவதும் 67 ஆயிரத்து 387 விபத்துகளில் வண்டிகள் மோதி விட்டு ஓடி இருக்கின்றன. 2022-23 நிதியாண்டில் நஷ்டஈடு கேட்டு வந்த மனுக்கள் வெறும் 205. பணம் கிடைத்தது 95 பேருக்கு. இந்த கணக்கு சுப்ரீம் கோர்ட்டு முன்பு வைக்கப்பட்டபோது நீதிபதிகளே கவலை தெரிவித்தார்கள். ஒரு மாதத்தில் வண்டி கண்டுபிடிக்கப்படவில்லை என்றால், இந்த திட்டத்தைப் பற்றி பாதிக்கப்பட்டவருக்கு போலீசாரே எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்று 2024 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது.

பிறகு வண்டி சிக்கி, வழக்கில் பெரிய தொகை கிடைத்தால், முதலில் வாங்கிய தொகை அதில் கழிக்கப்படும். எனவே மனு கொடுப்பதால் நஷ்டம் எதுவும் இல்லை.

"பாலிசி இருக்கு... ஆனா உங்களுக்கு இல்லை"

இன்சூரன்ஸ் அறவே இல்லாதது ஒரு பிரச்சினை. இருந்தும் பத்தாமல் போவது இன்னொரு பிரச்சினை. நிலக்கோட்டை பக்கம் அதிகம் அடி விழுவது இந்த இரண்டாவது இடத்தில்தான்.

சரக்கு வண்டியில் ஆட்கள்:- களை எடுக்க, பூப்பறிக்க, கல்யாணத்துக்கு, கோவிலுக்கு என்று சரக்கு ஆட்டோவிலும் மினி லாரியிலும் ஆட்களை ஏற்றிச் செல்வதை தினமும் பார்க்கலாம். அந்த வண்டி கவிழ்ந்தால்? சரக்கு வண்டியில் பயணிகளாக ஏறியவர்களுக்கு கம்பெனி பொறுப்பல்ல என்று 2002-ம் ஆண்டு இறுதியில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு சொன்னது. சரக்கின் சொந்தக்காரர் அல்லது அவரது பிரதிநிதி சரக்கோடு போனால் அவருக்கு பாதுகாப்பு உண்டு. அதாவது, பூ மூட்டையோடு மார்க்கெட்டுக்கு வரும் விவசாயிக்கு பாலிசி பொருந்தும். அதே வண்டியில் "ஊர் வரைக்கும் இறக்கி விடுப்பா" என்று ஏறியவருக்கு பொருந்தாது. சில வழக்குகளில் கம்பெனி முதலில் பணம் கட்டி விட்டு வண்டிக்காரரிடம் வசூலித்துக் கொள்ளட்டும் என்று கோர்ட்டுகள் உத்தரவிட்டது உண்டு. ஆனால் அதை நம்பி ஏற முடியாது.

பின்னால் உட்கார்ந்தவர்:- மோட்டார் சைக்கிளுக்கு தேர்டு பார்ட்டி மட்டும் எடுத்திருந்தால், அந்த வண்டியில் பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கு அது உதவாது. ஓட்டியவரின் தவறால் விழுந்து அடிபட்டால் கம்பெனி பணம் தராது. வேறு வண்டி வந்து மோதினால் அந்த வண்டியின் பாலிசியில் கேட்கலாம். "பேக்கேஜ் பாலிசி" எனப்படும் முழு பாலிசி எடுத்திருந்தால் பின்னால் இருப்பவருக்கும், காருக்குள் இருப்பவர்களுக்கும் பாதுகாப்பு உண்டு என்று இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2009-ம் ஆண்டே தெளிவுபடுத்தி இருக்கிறது.

காருக்குள் இருந்தவர்:- இதே பிரச்சினைதான் 2021-ல் சென்னை ஐகோர்ட்டில் பரபரப்பை உண்டாக்கியது. ஈரோடு கோர்ட்டு ஒரு விபத்தில் குடும்பத்துக்கு நஷ்டஈடு தரச் சொன்னது. எடுத்திருந்தது தேர்டு பார்ட்டி பாலிசி மட்டும்தான், காருக்குள் இருந்தவருக்கு அது பொருந்தாது என்று கம்பெனி அப்பீல் செய்தது. கம்பெனியின் வாதத்தை ஐகோர்ட்டு ஏற்றது. ஆனால் பாலிசி வாங்குகிறவருக்கு இந்த விவரமே தெரிவதில்லை என்று வேதனை தெரிவித்த நீதிபதி, 2021 செப்டம்பர் 1-ந்தேதி முதல் விற்கும் புது வண்டிகளுக்கு 5 ஆண்டுக்கு "பம்பர் டு பம்பர்" முழு இன்சூரன்ஸ் கட்டாயம் என்று ஆகஸ்டு 4-ந்தேதி உத்தரவிட்டார். வண்டி விலை ஏறி விடுமே என்று ஷோரூம்களும் வாங்க இருந்தவர்களும் திகைத்தார்கள். இன்றைய நிலையில் இதை செயல்படுத்துவது சாத்தியம் இல்லை என்று கம்பெனிகள் தரப்பில் சொல்லப்பட்டது. செப்டம்பர் 13-ந்தேதி அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. உத்தரவு போய் விட்டது. பிரச்சினை அப்படியே இருக்கிறது.

மணி கணக்கு:- காலை 10 மணிக்கு விபத்து, பகல் 12 மணிக்கு பாலிசி எடுத்தால் செல்லாது. பாலிசியில் எந்த நேரம் முதல் என்று போட்டிருக்கிறதோ அந்த நேரத்தில் இருந்துதான் பொறுப்பு. நேற்று இரவு 12 மணிக்கு முடிந்த பாலிசி இன்று காலை விபத்துக்கு உதவாது.

லைசென்சு இல்லாத டிரைவர்:- இதில் மட்டும் பாதிக்கப்பட்டவருக்கு ஒரு ஆறுதல். ஓட்டியவரிடம் முறையான லைசென்சு இல்லை என்று தெரிந்தால், கம்பெனி முதலில் நஷ்டஈட்டை கட்டி விட்டு, பிறகு வண்டி சொந்தக்காரரிடம் வசூலிக்கும்படி கோர்ட்டு உத்தரவிடலாம். 2004-ம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டு இதற்கு வழி காட்டியது. சாதாரண இலகுரக வாகன லைசென்சு வைத்திருப்பவர் 7 ஆயிரத்து 500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியையும் ஓட்டலாம் என்று 2024 நவம்பர் 6-ந்தேதி அரசியல் சாசன அமர்வு உறுதி செய்ததால், மினி லாரி டிரைவர்களின் நெடுநாள் தலைவலி ஒன்று தீர்ந்தது.

வெளிநாட்டில் எப்படி?

அமெரிக்காவிலும் பாலிசி இல்லாமல் கார் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அங்கே இதற்கு வேறு ஏற்பாடு. ஒருவர் தன் காருக்கு பாலிசி எடுக்கும்போதே, "இன்சூரன்ஸ் இல்லாதவன் என்னை இடித்தால் என் கம்பெனியே எனக்கு பணம் தர வேண்டும்" என்று கூடுதல் பிரிமியம் கட்டி எழுதி வைத்துக் கொள்ளலாம். பல மாநிலங்களில் இது கட்டாயமும் கூட.

அங்கே தேர்டு பார்ட்டி பாலிசிக்கு உச்சவரம்பு உண்டு. கலிபோர்னியா மாநிலத்தில் 2025 ஜனவரி முதல் ஒரு ஆளுக்கு குறைந்தபட்சம் 30 ஆயிரம் டாலர். ஆஸ்பத்திரி பில் ஒரு லட்சம் டாலர் வந்தால் இடித்தவனின் பாலிசி பத்தாது. அப்படி பத்தாமல் போகும் துண்டை, அடிபட்டவர் தன் பாலிசியின் வரம்பு வரை தன் கம்பெனியிடமே கேட்டு வாங்கலாம்.

இங்கிலாந்தில் இன்னொரு வழி. 1946-ம் ஆண்டிலேயே எல்லா மோட்டார் இன்சூரன்ஸ் கம்பெனிகளும் சேர்ந்து ஒரு பொது அமைப்பை தொடங்கின. பாலிசி இல்லாத வண்டி இடித்தால் அந்த அமைப்பு நஷ்டஈடு கொடுக்கும். மலேசியா, சிங்கப்பூரிலும் இதே போன்ற அமைப்பு உண்டு.

நம் நாட்டில் மோட்டார் வாகன விபத்து நிதி என்று ஒன்று 2022-ல் விதிகள் மூலம் ஏற்படுத்தப்பட்டது. மோதி விட்டு ஓடிய வழக்குகளுக்கும், பாலிசி இல்லாத வண்டியால் அடிபட்டவர்களின் அவசர சிகிச்சைக்கும் அதில் இருந்து பணம் போகிறது. ஆனால் பாலிசி இல்லாத வண்டிக்காரர் மீது கோர்ட்டு விதிக்கும் ரூ.32 லட்சத்தை இந்த நிதி கட்டாது.

இதில் ஒரு விசித்திரம் பாருங்கள். வண்டி எது என்றே தெரியாவிட்டால் அரசு திட்டத்தில் ரூ.2 லட்சம் நிச்சயம். வண்டி பிடிபட்டு, பாலிசியும் இல்லாமல், சொந்தக்காரரும் ஏழையாக இருந்தால் அந்த ரூ.2 லட்சமும் கிடையாது. இடித்தவன் ஓடிப் போவதை விட நின்று பிடிபடுவது அடிபட்ட குடும்பத்துக்கு நஷ்டமாக முடியலாம் என்ற நிலையை எந்த சட்டமும் நியாயப்படுத்த முடியாது. இங்கிலாந்து போல பாலிசி இல்லாத வண்டிகளுக்கும் ஒரு பொது நிதி பொறுப்பேற்க வேண்டும் என்ற வாதத்துக்கு வலு சேர்ப்பது இந்த ஓட்டைதான்.

நமக்கு நாமே: ரூ.15 லட்சம்

அமெரிக்கா போல இங்கே இல்லை என்றாலும், அதற்கு கொஞ்சம் பக்கத்தில் ஒன்று இருக்கிறது. வண்டி சொந்தக்காரரே ஓட்டும்போது விபத்து நடந்தால் கிடைக்கும் "தனிநபர் விபத்து காப்பீடு". முன்பு மோட்டார் சைக்கிளுக்கு ரூ.1 லட்சம், காருக்கு ரூ.2 லட்சம்தான். சென்னை ஐகோர்ட்டு கொடுத்த உத்தரவை தொடர்ந்து 2018-ல் இது ரூ.15 லட்சமாக உயர்த்தப்பட்டது. அப்போது நிர்ணயித்த பிரிமியம் ஆண்டுக்கு ரூ.750.

யார் மீது தவறு, எதிர் வண்டிக்கு பாலிசி இருக்கிறதா என்ற கேள்வியே இதில் இல்லை. சாவுக்கு முழுத் தொகை. இரண்டு கை, கால் அல்லது இரண்டு கண் போனாலும் முழுத் தொகை. ஒரு கை, கால் அல்லது ஒரு கண் போனால் பாதி.

ஆனால் இரண்டு நிபந்தனை உண்டு. ஓட்டியவர்தான் வண்டியின் சொந்தக்காரராக இருக்க வேண்டும். அவரிடம் செல்லுபடியாகும் லைசென்சு இருக்க வேண்டும். அப்பா பெயரில் உள்ள வண்டியை மகன் ஓட்டி விழுந்தால் சிக்கல்தான். இரவல் வண்டி ஓட்டுகிறவர் சொந்தக்காரரின் இடத்துக்கு வந்து விடுகிறார், அந்த வண்டியின் பாலிசியில் மூன்றாம் நபர் போல நஷ்டஈடு கேட்க முடியாது என்று 2020 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு கூறியது. வீட்டில் வண்டி ஓட்டும் மகனுக்கு தனியாக ஒரு விபத்து பாலிசி எடுத்து வைப்பது நல்லது.

ஆஸ்பத்திரி செலவுக்கு என்ன வழி?

வழக்கு முடிய வருடக்கணக்கில் ஆகலாம். ஆஸ்பத்திரி செலவு காத்திருக்காது.

தமிழ்நாடு அரசின் "இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48" திட்டம் 2021 டிசம்பர் 18-ந்தேதி மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்டது. விபத்து நடந்த முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம். திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரிகளிலும் இது உண்டு. எந்த ஊர்க்காரர் என்று பார்ப்பது இல்லை. மோதிய வண்டிக்கு பாலிசி இருக்கிறதா என்றும் கேட்பது இல்லை.

மத்திய அரசு 2025 மே 5-ந்தேதி அறிவித்த திட்டத்தில், விபத்து நடந்த நாளில் இருந்து 7 நாட்கள் வரை, ஒரு ஆளுக்கு ரூ.1 லட்சத்து 50 ஆயிரம் வரை பணமில்லா சிகிச்சை உண்டு.

இதற்கெல்லாம் பின்னால் ஒரு தமிழ்நாட்டு டாக்டர் இருக்கிறார். கோவையைச் சேர்ந்த எலும்பு சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ்.ராஜசேகரன் 2012-ம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டில் சாலை பாதுகாப்பு குறித்து பொதுநல வழக்கு போட்டார். புது காருக்கு 3 ஆண்டு, புது மோட்டார் சைக்கிளுக்கு 5 ஆண்டு தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் ஒரேயடியாக எடுக்க வேண்டும் என்று 2018 செப்டம்பர் 1-ந்தேதி முதல் வந்த விதி அந்த வழக்கில் பிறந்ததுதான். பணமில்லா சிகிச்சை திட்டத்தை சீக்கிரம் கொண்டு வரும்படி 2025 ஜனவரியில் மத்திய அரசுக்கு உத்தரவு வந்ததும் அதே வழக்கில்தான்.

விபத்து நடந்தால் செய்ய வேண்டியது

* முதலில் 108 ஆம்புலன்ஸ். அடிபட்டவரை ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகு மற்றது.

* மோதிய வண்டியின் நம்பரை உடனே செல்போனில் படம் எடுக்க வேண்டும். அரசின் "எம்-பரிவாகன்" செயலியில் நம்பரை போட்டால் இன்சூரன்ஸ் எந்த தேதி வரை என்று தெரியும்.

* போலீசில் புகார் கொடுத்து முதல் தகவல் அறிக்கை நகல் வாங்க வேண்டும். ஆஸ்பத்திரி வாசலில் வெற்று பேப்பரில் கையெழுத்து போடவே கூடாது.

* விபத்து பற்றி 48 மணி நேரத்தில் முதல் அறிக்கையும், 90 நாளில் விரிவான அறிக்கையும் போலீசார் கோர்ட்டுக்கு அனுப்ப வேண்டும் என்பது விதி. நகல் கேட்க பாதிக்கப்பட்டவருக்கு உரிமை உண்டு.

* நஷ்டஈடு மனுவை 6 மாதத்துக்குள் போடுவது நல்லது. காலதாமதம் என்று சொல்லி மனுக்களை தள்ளுபடி செய்யக்கூடாது என 2025 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டு இடைக்கால உத்தரவு போட்டது. அதை நம்பி சும்மா இருந்து விடக்கூடாது.

* விபத்து நடந்த ஊரில்தான் வழக்கு போட வேண்டும் என்பது இல்லை. குடியிருக்கும் பகுதிக்கு உரிய கோர்ட்டிலும் போடலாம். சென்னையிலோ கோவையிலோ அடிபட்ட நிலக்கோட்டைக்காரர் திண்டுக்கல் மாவட்டத்திலேயே வழக்கு நடத்தலாம்.

* சம்பள சீட்டு, மேஸ்திரி கொடுக்கும் கடிதம், வங்கிக் கணக்கு, நலவாரிய அட்டை என்று வருமானத்தை காட்டும் எதையும் பத்திரமாக வைக்க வேண்டும். வருமானத்தை நிரூபிக்க முடியாததால் நஷ்டஈடு பாதியாக குறைந்த வழக்குகள் ஏராளம்.

* வக்கீல் வைக்க வசதி இல்லாத பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், தொழிலாளர்களுக்கு சட்டப்பணிகள் ஆணைக்குழு மூலம் இலவச வக்கீல் உண்டு. போன் நம்பர் 15100.

ஒரு நாளைக்கு 2 ரூபாய்

75 முதல் 150 சி.சி. வரை உள்ள மோட்டார் சைக்கிளுக்கு 2022 ஜூன் மாதம் நிர்ணயித்த தேர்டு பார்ட்டி கட்டணம் ஆண்டுக்கு ரூ.714. வரி தனி. ஒரு நாளைக்கு கணக்கிட்டால் சுமார் ரூ.2. ஒரு டீ விலை கூட இல்லை.

அந்த 2 ரூபாயை மிச்சம் பிடிப்பவர், தன் பணத்தை மட்டும் பணயம் வைப்பது இல்லை. எதிரே நடந்து வரும் யாரோ ஒருவரின் வீட்டையும் சேர்த்தே பணயம் வைக்கிறார். வண்டி வைத்திருப்பவர்கள் இன்று வீட்டுக்கு போனதும் பாலிசியை எடுத்து, முடியும் தேதி என்ன என்று ஒரு முறை பார்த்து விடுவது நல்லது.